பழைய கேமராவைத் திறப்பதற்கு முன்னால்: தோட்டத்து வீட்டில் ஒரு வரலாற்றுச் சான்று



உங்கள் தாத்தா பாட்டி வீட்டு அலமாரியில், தோலுறை போட்ட பழைய கேமரா ஏதாவது கிடக்கிறதா? ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்து, பிறகு தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. பால்வாளி போயிருக்கும், லயத்து வீடே போயிருக்கும். கேமராவை மட்டும் யாரோ ஒருவர் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்.

"இதை நாமே ரிப்பேர் பண்ண முடியுமா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். ஓரளவு முடியும். ஆனால் திருகாணியைத் தொடுவதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அது வெறும் பழுதான பொருள் அல்ல, ஒரு முதல்நிலைச் சான்று. படிவம் ஒன்று வரலாற்றுப் பாடத்தின் தொடக்கத்திலேயே சான்றுகளைப் பற்றிப் படிக்கிறோம். ஏட்டில் படித்ததை வீட்டிலேயே செய்து பார்க்க நல்ல வாய்ப்பு இது. முதலில் படியுங்கள், பிறகு பழுது பாருங்கள். வரிசை மாறினால் சான்று அழிந்துபோகும்.

கேமரா யார் கையில் இருந்தது?

1839-இல் பாரிசில் டகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1860-களிலேயே சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம் ஸ்டூடியோ திறந்துவிட்டது. 1908-இல் லண்டனில் வெளிவந்த, பிரிட்டிஷ் மலாயாவைப் பற்றிய ரைட், கார்ட்ரைட் இருவரின் பெரிய நூலில் தோட்டப் படங்கள் நிறைய உண்டு. இந்த மாதிரிப் படங்களில் கம்பெனியின் பெயர் இருக்கும், துரையின் பெயர் இருக்கும். மரத்தடியில் நிற்கும் தொழிலாளியின் பெயர் அநேகமாக இருக்காது. அந்தக் காலத்தில் கேமரா முதலாளி பக்கத்தில் நின்றது.

அடுத்த கட்டம் 1948. ஜூன் 18-ஆம் தேதி மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மக்களைக் கம்யூனிஸ்டுகளிடமிருந்து பிரித்து அடையாளம் காண, தேசியப் பதிவு தொடங்கியது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாரும் புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்களுக்கும் இதே விதிதான். அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படமே அதுவாக இருந்திருக்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: அந்தப் படம் அவர்கள் ஆசைப்பட்டு எடுத்தது அல்ல, அரசாங்கம் கேட்டு எடுத்தது. அட்டை இல்லாமல் நடமாட முடியாது. கம்யூனிஸ்டுகளோ அதே அட்டையைப் பிடுங்கி அழித்தார்கள். ஒரு சின்னப் படத்துக்காக ஜனங்கள் இரண்டு பக்கமும் பயந்து வாழ்ந்த காலம் அது.

மூன்றாவது கட்டம், பட்டணத்து ஸ்டூடியோ. கல்யாணம், குழந்தைக்கு ஒரு வயது, ஊருக்குக் கடிதத்தோடு அனுப்ப ஒரு படம். இதற்காக நல்ல துணி உடுத்திக்கொண்டு குடும்பமாகப் பஸ் ஏறிப் போவார்கள். இங்கே படம் எடுக்கச் சொன்னவர்கள் தொழிலாளிகளே. ஆனாலும் கேமரா வேறொருவர் கையில்தான்.

நான்காவது கட்டம்தான் உங்கள் அலமாரியில் இருப்பது. நம் குடும்பத்துக்காரர் ஒருவர் தம் கையாலேயே நம்மைப் படம் எடுத்தார். வாசற்படி, கோயில் திருவிழா, பால்மரத் தோப்பு, பள்ளி விளையாட்டுப் போட்டி. துரையோ அரசாங்கமோ படம் பிடிக்க நினைக்காத வாழ்க்கை இந்தப் படங்களில் மட்டுமே இருக்கும். அதனால்தான் அந்தக் கேமராவும் அதன் படங்களும் முக்கியம்.

கேமராவின் உடம்பில் எழுதியிருப்பது

இப்போது கேமராவை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அடிப்பகுதி, லென்ஸ் வளையம், தோலுறையின் உட்புறம் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது" என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால், அது 1947 முதல் 1952 வரையிலான ஏற்றுமதிப் பொருள். போரில் தோற்ற ஜப்பான் அப்போது அமெரிக்கப் படைகளின் ஆட்சியில் இருந்தது. ஜெர்மன் கேமராவில் "யு.எஸ். சோன்" என்றிருந்தால், போர் முடிந்த பிறகு நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்த சில ஆண்டுகளைக் குறிக்கும். மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் 1949-க்குப் பிந்தியது. "பாஸ்ட்" என்று எழுதிய சின்னத் தங்கநிற முட்டைவடிவ ஒட்டி, ஜப்பானின் ஏற்றுமதிச் சோதனையில் தேறியதற்கு அடையாளம். அதைச் சுரண்டி எடுத்துடாதீங்க, அதுவும் சான்றுதான்.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. சயாம்-பர்மா ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டு, மிகப் பலர் திரும்பி வரவில்லை. அதற்குப் பின் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில், அதே தோட்டங்களின் வீடுகளுக்கு யாஷிகா, ஒலிம்பஸ் போன்ற ஜப்பானியக் கேமராக்கள் வரத் தொடங்கின. போருக்குப் பிந்திய ஜப்பானின் தொழில் வளர்ச்சியைப் பாடநூலில் படிக்கிறோம். அதன் அடையாளம் உங்கள் கையிலேயே இருக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேமரா செய்த காலம் வேறு, குடும்பம் அதை வாங்கிய காலம் வேறு. பழைய சாமானாகவும் வாங்கியிருக்கலாம். எனவே பெரியவர்களிடம் கேளுங்கள். வாய்மொழியையும் பொருளையும் ஒப்பிட்ட பிறகே முடிவெழுத வேண்டும்.

இனித் திறக்கலாம்

பின்மூடியைத் திறக்குமுன் உள்ளே படச்சுருள் இருக்கிறதா என்று பாருங்கள். 35 மில்லிமீட்டர் கேமராவில் சுருளைத் திரும்பச் சுற்றும் பிடியை அம்புக்குறித் திசையில் மெதுவாகச் சுழற்றுங்கள். இறுக்கம் தெரிந்தால் சுருள் இருக்கிறது, திறக்காதீங்க. பல ஆண்டு கழித்துக் கழுவிய கறுப்பு வெள்ளைச் சுருளிலும் படம் கிடைத்ததுண்டு. சுருள் கழுவும் கடைக்காரரிடம் கேமராவோடு கொண்டு போங்கள்.

சுருள் இல்லையென்றால் பின்மூடியைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து ஷட்டரைத் தட்டுங்கள். ஒரு வினாடிக்கு வைத்தால் ஒரு வினாடிதான் திறந்திருக்க வேண்டும். திறந்தபடியே நின்றால், பழைய எண்ணெய் பிசினாகி உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இங்கே அடிக்கவே கூடாது. லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டர் இதழ்கள் எண்ணெய் இல்லாமல் உலர்ந்து இயங்க வேண்டியவை.

ஆரம்பநிலையில் உள்ளவர் தயங்காமல் செய்யக்கூடிய வேலைகள் மூன்று.

முதலாவது, பின்மூடியின் ஓரத்தில் ஒளியைத் தடுக்கும் பஞ்சு. பல ஆண்டானால் அது தார் மாதிரி பிசுபிசுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பல்குச்சியால் துடைத்து, கறுப்புக் கம்பளி நூலை அந்தக் காடியில் பதியுங்கள்.

இரண்டாவது, பேட்டரி அறையின் பச்சைக் களிம்பு. பஞ்சுக் குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் சுத்தம் செய்து காயவிடுங்கள். பல பழைய கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பிச் செய்யப்பட்டவை. சுற்றுச்சூழல் காரணமாக அதன் விற்பனை நின்றுவிட்டது. கேட்புக் கருவிக்குப் போடும் 1.4 வோல்ட் பேட்டரியைச் சிலர் மாற்றாகப் பயன்படுத்துகிறார்கள். 1967-இல் வந்த ஒலிம்பஸ் டிரிப் 35-க்கு இந்தக் கவலை இல்லை. அதன் ஒளிமானி செலினியத்தால் இயங்குவதால் பேட்டரியே வேண்டாம்.

மூன்றாவது, லென்ஸில் பூஞ்சை. நம் நாட்டு ஈரக்காற்றுக்கு இது சாதாரணம், சிலந்தி வலை மாதிரி தெரியும். வெளிப்பக்கத்தில் இருந்தால் மென்துணியால் துடைக்கலாம். கண்ணாடியையே அரித்திருந்தால் போகாது. கேமராவைத் தோலுறைக்குள் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். உறையைத் தூக்கி எறியாதீங்க, அதில் பெயரோ கடை முத்திரையோ இருக்கலாம்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: பிளாஷ் உள்ளேயே பொருத்திய கேமராவின் உடலைப் பிரிக்காதீங்க. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கியில் ஏறக்குறைய 300 வோல்ட் தங்கியிருக்கலாம். பற்சக்கரம், தூரமானி போன்ற வேலைகளும் அனுபவப்பட்டவருக்கு உரியவை. பழுது பார்க்க முடியாமல் போனாலும் பரவாயில்லை, ஓடாத கேமராவும் சான்றுதான்.

வகுப்பில் செய்ய

மாணவர்களே, கேமராவையும் அதில் எடுத்த ஒரு படத்தையும் வைத்துக்கொண்டு ஐந்து கேள்விக்குப் பதில் எழுதுங்கள். எங்கே செய்தது? எப்போது வாங்கினார்கள்? படத்தில் யார் இருக்கிறார்கள், எந்தத் தோட்டம்? யார் எடுத்தது? யார் படத்தில் இல்லை?

கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். கேமராவைப் பிடித்தவர் பெரும்பாலும் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். 120 வகைச் சுருளில் சதுரப் படம் 12 மட்டுமே, அதையும் மற்றவர்களுக்கே செலவழித்திருப்பார். அவர் பெயரைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். அந்தப் பெயரைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயது இருக்கும். கேமரா இன்னும் சில ஆண்டு காத்திருக்கும். அவர்களிடம் இந்த விடுமுறையிலேயே போய்க் கேளுங்கள்.