செசார் விக்டோரா

பிரேசில் நாட்டு நோய்ப்பரவலியல் அறிஞர் செசார் விக்டோரா (பிறப்பு 1952), தாய்சேய் நல ஆய்வில் உலகறிந்த பெயர். 1976இல் மருத்துவப் பட்டம் பெற்றுச் சில காலம் ஏழைகள் வாழும் பகுதிகளில் வைத்தியம் பார்த்தார். மருந்து கொடுத்து அனுப்பிய பிள்ளைகள் அதே நோயோடு மறுபடி வந்து நின்றார்கள். காரணத்தைத் தேடிப் போனவர், லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் 1983இல் முனைவரானார்.

அதற்குள் வாழ்நாள் வேலை தொடங்கிவிட்டது. பிரேசிலின் தென்பகுதி நகரமான பெலோட்டாசின் மருத்துவமனைகளில் 1982இல் உயிருடன் பிறந்த 5,914 குழந்தைகளை அவரும் குழந்தை மருத்துவர் பெர்னாண்டோ பாரோசும் எடை பார்த்துப் பதிவு செய்தார்கள். முதலில் இது வெறும் பிரசவக் கணக்கெடுப்புதான். பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்கும் யோசனை பிறகு வந்தது. முகவரியை நம்பிப் போனால் பலரைக் காணவில்லை. சளைக்காமல் 1984இல் நகரத்து வீடுகள் அத்தனையிலும் கதவைத் தட்டினார்கள். 2000இல், 18 வயதாகி ராணுவப் பதிவுக்கு வந்த பையன்களை அங்கேயே பிடித்துப் பரிசோதித்தார்கள். இந்தப் பிடிவாதம் பணக்கார நாடுகளிலேயே அபூர்வம்.

அவருக்குப் புகழ் தேடித்தந்தது, தனியாக நடந்த இன்னோர் ஆய்வு. இறந்த சிசுக்களை அக்கம்பக்கத்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 1987இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். வேறு பால் எதுவும் சேராமல் தாய்ப்பால் குடித்த குழந்தையைவிட, அது அறவே இல்லாமல் பால்பவுடரிலோ பசும்பாலிலோ வளர்ந்த குழந்தை வயிற்றுப்போக்கில் இறக்கும் வாய்ப்பு சுமார் 14 மடங்கு. தாய்ப்பாலோடு தண்ணீரும் தேநீரும் புகட்டுவதுகூட ஆபத்து என்று தெரிந்தது. பாட்டிமார் மட்டுமல்ல, மருத்துவர்களும் அதுவரை புகட்டச் சொன்னவர்கள்தான்!

1982இல் பதிவு செய்த குழந்தைகளில், ஓராண்டுக்கு மேல் தாய்ப்பால் குடித்தவர்களுக்கு 30 வயதில் நுண்ணறிவு ஈவு சுமார் 4 புள்ளி கூடுதல் என்று 2015இல் வெளியிட்டார். வசதியான தாய்மார்தானே அதிக நாள் பால் கொடுக்கிறார்கள் என்ற வழக்கமான மறுப்பு இங்கே எடுபடவில்லை. 1982இன் பெலோட்டாசில் ஏழை, பணக்காரர் இரு தரப்பிலும் அந்தப் பழக்கம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி அளவுகோலிலும் அவர் பங்கு உண்டு. பெலோட்டாஸ், புதுதில்லி உள்ளிட்ட ஆறு நகரங்களில் தாய்ப்பால் குடித்த குழந்தைகளை அளந்து உருவானது அது. நம் அங்கன்வாடி வளர்ச்சி அட்டைகளுக்கு அதுவே அடிப்படை.

2017இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருது கிடைத்தது. 1993, 2004, 2015 ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளையும் பெலோட்டாஸ் குழு தொடர்ந்து கவனித்துவருகிறது.