பெரியப்பாவின் தகர டப்பா

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு போன். எட்டாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்த பையன். பையன் என்கிறேன், அவன் மகளே இப்போது கல்லூரிக்குப் போகிறாள். "டீச்சர், எனக்கு டிபின்னு சொல்லிட்டாங்க. வெறும் மாத்திரைதான் குடுத்திருக்காங்க, ஊசியே போடல. நாலு நாளா யூரின் வேற ஆரஞ்சு கலர்ல போகுது. அம்மா பயந்து அழுறாங்க. வேற எங்கயாவது போய் ஊசி போட்டுக்கட்டுமா?" என்றான்.

"மாத்திரையை நிறுத்திடாதேப்பா, டாக்டரிடம் கேள், அந்த நிறத்துக்கு நான் காரணம் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் பெரியப்பா ஞாபகம்.

ராஜபாளையத்தில் பஞ்சு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். 1969 வாக்கில், எனக்கு எட்டு வயது இருக்கும்போது, அவருக்குக் காசநோய். வெளியே சொல்ல மாட்டார்கள். "நெஞ்சுச் சளி" என்றுதான் வீட்டில் பேச்சு. தினமும் ஊசி. கம்பவுண்டர் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைப்பதை வேடிக்கை பார்க்க நானும் கூடவே போவேன். அந்த ஊசி மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். கூடவே சின்ன வெள்ளை மாத்திரையும் உண்டு. சில வாரத்தில் பெரியப்பாவுக்குத் தலை சுற்றியது, காதுக்குள் வண்டு ரீங்காரம் போடுகிறது என்றார், சுவரைப் பிடித்து நடந்தார். பலவீனம் என்று நினைத்து முட்டை கொடுத்தார்கள். அது செவியைத் தாக்கும் அந்த மருந்தின் பக்கவிளைவு என்று பல வருடம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வருடமே பெரியப்பா போய்விட்டார். பரணைச் சுத்தம் செய்தபோது பெரியம்மா ஒரு தகர டப்பாவைக் கண்டெடுத்தார். நிறைய வெள்ளை மாத்திரைகள். ஊசி இருக்கும்போது இந்தப் பொடி மாத்திரை எதற்கு என்று போட்டுவைத்திருக்கிறார்.

ஊசிதான் பலமான வைத்தியம் என்ற எண்ணம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. உண்மையில், ஒரு மருந்து ஊசியா மாத்திரையா என்பதை அதன் பலம் தீர்மானிப்பதில்லை. அந்த மூலக்கூறின் அளவும் குணமும்தான் தீர்மானிக்கின்றன.

விழுங்கிய மருந்து முதலில் வயிற்று நீரில் கரைய வேண்டும். பிறகு குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர வேண்டும். குடல் செல்களின் மேல்சவ்வு கொழுப்பால் ஆனது. ஆக, நீரோடும் ஒத்துப்போகணும், எண்ணெயோடும் ஒத்துப்போகணும். ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்காவில் மண் நுண்ணுயிரிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. மூலக்கூறு எடை 581. உடம்பெல்லாம் சர்க்கரை வளையங்கள், போதாததற்கு நேர்மின்னூட்டம் வேறு. நெய்யில் சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள், கரையவே கரையாது. அதுபோல இது குடலிலேயே நின்றுவிடும். (அப்படியானால் நாம் சாப்பிடும் சர்க்கரை எப்படி உள்ளே போகிறது டீச்சர் என்று கடைசி பெஞ்சு கேட்கும். அதற்கென்று குடலில் தனி வாசல் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசினுக்கு இல்லை.) ஆகவே ஊசி தவிர வழியில்லை.

பெரியப்பா ஒதுக்கிய வெள்ளை மாத்திரை ஐசோனியசிட். மூலக்கூறு எடை வெறும் 137. நீரில் நன்றாகக் கரையும், மின்னூட்டச் சுமை இல்லை, வெறும் வயிற்றில் போட்டால் ஓரிரு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சம். இதை 1912லேயே பிராக் நகரில் மேயர், மாலி என்ற இருவர் தயாரித்துவிட்டார்கள். என்ன பயன் என்று தெரியாமல் நாற்பது வருடம் சும்மா கிடந்தது. 1952இல்தான் மூன்று மருந்துக் கம்பெனிகள் தனித்தனியாக இது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று கண்டன. பழைய பொருள் என்பதால் அதற்குக் காப்புரிமை வாங்க முடியவில்லை. விலை மலிவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதன் பிறகு நடந்தது நம் சென்னையில். அதுவரை காசநோய் என்றால் சானடோரியம்தான். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பேரே அப்படி வந்ததுதான். படுக்கையோ கொஞ்சம், நோயாளிகளோ லட்சக்கணக்கில். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு ஆய்வு மையம் தொடங்கின. பொறுப்பில் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். 193 ஏழை நோயாளிகளை எடுத்துக்கொண்டு, யார் சானடோரியத்துக்கு, யார் வீட்டுக்கு என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் ஐசோனியசிட், பிஏஎஸ் என்ற அதே இரண்டு மருந்துகள், இரண்டும் வாய்வழி. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. வீட்டுக்காரர்களுக்கு நெரிசலான குடிசை, அரை வயிறு. ஒரு வருடம் கழித்துக் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் இந்த முடிவு வெளிவந்ததும் உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின. ஊசி மருந்தாக இருந்திருந்தால் இந்த ஆய்வையே இப்படி நடத்தியிருக்க முடியாது. தினமும் வீடு வீடாக சிரிஞ்சோடு யார் போவது?

நோயாளிகள் மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறார்களா என்ற சந்தேகம் அவர்களுக்கும் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். என் பெரியப்பா வீட்டுக்கு அப்படி யாரும் வரவில்லை.

எந்த மூலக்கூறு மாத்திரையாகும் என்பதற்கு 1997இல் கிறிஸ்டோபர் லிபின்ஸ்கி என்ற மருந்தியல் விஞ்ஞானி ஒரு தோராய விதி சொன்னார். எடை 500ஐத் தாண்டினால், நீரைப் பிடித்துக்கொள்ளும் ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கும் இடங்கள் 5க்கும், ஏற்கும் இடங்கள் 10க்கும் மேல் போனால், அல்லது நீரைவிட எண்ணெயில் லட்சம் மடங்குக்கு மேல் கரைந்தால், குடலில் உறிஞ்சப்படுவது சிரமம். எல்லாம் ஐந்தின் மடங்கு என்பதால் "ஐந்தின் விதி". என் மாணவன் இப்போது சாப்பிடும் நான்கு மருந்துகளில் ஐசோனியசிட் 137, பைரசினமைடு 123, எத்தம்பியூட்டால் 204. மூன்றும் விதிக்குள் அடக்கம். நான்காவது ரிஃபாம்பிசின், 823! அப்படியும் வாய்வழியே உள்ளே போகிறது. நுண்ணுயிர்களிடமிருந்து வந்த மருந்துகள் சில இப்படி விதியை மீறும். லிபின்ஸ்கியே அதைச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு விதியைக் கற்பிக்கும்போது விதிவிலக்கையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று நான் ஆசிரியப் பயிற்சியில் படித்தது இதற்குத்தான் போலும்.

அந்த ஆரஞ்சு நிறமும் ரிஃபாம்பிசினுடையதுதான். மறுநாள் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "நீ விழுங்கின மருந்து குடல் சுவரைத் தாண்டி, இரத்தத்தில் சேர்ந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுச் சிறுநீரகம் வழியாக வெளியே வருதுப்பா. உள்ளே போகலைன்னா நிறம் எப்படி வரும்? ஊசி போட்டாலும் இதே இரத்தத்துக்குத்தான் போகும்." டாக்டரும் அதையே சொன்னாராம். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவருக்கும் ஒருமுறை விளக்கினேன். ஆறு மாதத்துக்கு ஒருநாள்கூட விடக்கூடாது, தினமும் காலையில் எனக்குத் தகவல் சொல்லணும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பழைய டீச்சர் புத்தி.

இன்று காலை ஏழு மணிக்கு வாட்ஸப்பில் வந்தது: "போட்டாச்சு டீச்சர். இன்னிக்கும் ஆரஞ்சுதான்."