தசைத் துணுக்கின் சாட்சியம்

மாத்தளையை அடுத்த பலாபத்வலவில் வாழும் ஒருவர், தலைவாரக் கைகளை உயர்த்தவும், இருந்த இடத்திலிருந்து எழவும் வலுவின்றி வைத்தியரை நாடுகின்றார் எனக் கொள்க. தசையழற்சியென ஐயுற்ற வைத்தியர், தொடையிலிருந்து சிறு தசைத் துணுக்கொன்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகின்றார். "அழற்சி காணப்படவில்லை" என்று அறிக்கை வந்தால், நோயில்லையென மகிழ்ந்துவிடலாமா? இவ்வினாவுக்குரிய விடை அப்பரிசோதனையின் வரலாற்றிலேயே பொதிந்துள்ளது.

யேர்மனிய அறிஞர் வாக்னர் 1863 இல் இந்நோயை விவரித்தார். அக்காலத்தில் நோயுற்ற தசையைப் பெரும்பாலும் இறந்தபின்னரே காண முடிந்தது. உயிரோடிருப்பவரின் தசையில் ஒரு துளியைக் கொய்தெடுக்கும் ஊசிக்கருவியை அமைத்து அக்குறையைப் போக்கியவர் பிரான்சு நாட்டு வைத்தியர் டுஷேன். இத்தகைய பரிசோதனைக்கு 'பயொப்சி' என்னும் பெயரை 1879 இல் பெஸ்னியே சூட்டினார். தோலையும் தசையையும் ஒருங்கே பற்றும் வகைக்கு 1891 இல் உன்வெரிக்ட் பெயரிட்டார்.

நுணுக்குக்காட்டியில் இவ்வகைகள் வெவ்வேறு கோலம் காட்டுகின்றன. தோலையும் பற்றும் வகையில் தசைநார்க் கட்டுகளின் ஓரத்து நார்கள் சுருங்கியிருக்கும். மற்றொரு வகையில் நார்கள் மடிந்து கிடப்பினும் அழற்சிக் கலங்கள் மிகச் சிலவே. முதுமையில் மிகுதியாக வரும் வேறொரு வகையில் நார்களுள் விளிம்புடைய வெற்றிடங்கள் தென்படும். இதற்கு ஸ்டீரொயிட் மருந்து பெரும்பாலும் பயன்தருவதில்லை. ஆதலால், வகையை மாற்றியறிதல் நோயாளரைப் பயனற்ற மருந்தின் தீங்குகளுக்கு ஆளாக்கும்.

அழற்சி தசை முழுவதும் சீராகப் பரவுவதில்லை, திட்டுத்திட்டாகவே பரவும். எனவே, துணுக்கு நோயற்ற பகுதியிலிருந்து வந்திருத்தல் கூடும். முன்னரே உட்கொண்ட ஸ்டீரொயிட் மருந்தும் அடையாளங்களை மறைத்துவிடலாம். மறுபுறம், பரம்பரைத் தசைத்தேய்வு நோய்கள் சிலவற்றிலும் அழற்சிக் கலங்கள் தோன்றுவதால், அழற்சி கண்டதுகொண்டே முடிவு கட்டுதலும் தகாது.

இதனை உணர்ந்தே, 1975 இல் போஹன், பீட்டர் என்னும் இருவர் வகுத்த ஐந்து அளவுகோல்களுள் தசைத்துணுக்கு ஒன்றாக மட்டுமே இடம்பெற்றது. தசைகளின் வலுவிழப்பு, குருதியில் தசை நொதியங்களின் உயர்வு, தசையின் மின்பதிவு, தோலின் தடிப்புகள் என்பன ஏனைய நான்கு. 2017 இல் வெளியான பன்னாட்டு அளவுகோல்கள், தோலின் அடையாளங்கள் தெளிவாக இருப்பின் துணுக்கு எடுக்காமலே நோயை வகைப்படுத்த இடமளித்தன.

ஆகவே, அறிக்கை கையிற் கிடைத்தவர் வைத்தியரிடம் கேட்கத் தக்கவை மூன்று: துணுக்கு எத்தசையிலிருந்து எடுக்கப்பட்டது? அதற்குமுன் எம்மருந்து உட்கொள்ளப்பட்டது? குருதிப் பரிசோதனையும் உடலின் நிலையும் அவ்வறிக்கையோடு ஒத்துப்போகின்றனவா? தசைத்துணுக்கு நற்சாட்சியே, ஆயினும் ஏனைய சாட்சிகளையும் கேட்டபின்னரே தீர்ப்பு வழங்குதல் முறை.