அகல்யாபாய் ஏற்ற பொறுப்புகள்

அலுவலை முன்னிட்டும் வாணிபத்தை முன்னிட்டும் தமிழகத்தை விட்டு வந்து வடநாட்டில் வாழும் நம்மவர்க்குத் தேவி அகல்யாபாயின் பெயர் புதியதன்று. இந்தூருக்கு வானூர்தியில் வருவோர் அவர் பெயர் தாங்கிய நிலையத்தில்தான் இறங்குகின்றனர். காசிக்கு வரும் நம் யாத்திரிகர் விசுவநாதரைத் தரிசிப்பது, 1780-ஆம் ஆண்டில் அவர் எழுப்பிய கோயிலில்தான். மராட்டிய மாநிலத்து அகமத்நகர் 2024-ஆம் ஆண்டில் அகல்யாநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயர் இவ்வளவு பரவியிருந்தும், அப்பெயருக்குரியவர் வாழ்வின் எந்தப் பருவத்தில் எந்தப் பொறுப்பை ஏற்றார், அப்போது உலகம் அவரிடம் எதனை எதிர்பார்த்தது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். அதனை இன்று சிறிது ஆராய்வோம்.

ஊரும் உறவும் ஒருவர்மீது வைப்பது எதிர்பார்ப்பு. அவரே தோள்கொடுத்து ஏற்பது பொறுப்பு. பெரும்பாலும் இவ்விரண்டும் ஒன்றாகவே செல்லும். ஒன்றோடொன்று மாறுபடும் வேளையே ஒருவருடைய வாழ்வைச் சோதித்துப் பார்ப்பது. அத்தகைய வேளை அகல்யாபாய் அம்மையாருக்கு மும்முறை வந்தது: முதலில் மனைவியாக இருந்தபோது, அடுத்துத் தாயாக இருந்தபோது, இறுதியில் முதுமை எய்திய பின்னர்.

அம்மையார் 1725-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் சௌண்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மாங்கோஜி சிந்தே அவ்வூரின் பாட்டீல், அஃதாவது கிராமத் தலைவர். எட்டாம் வயதில் அவர் ஹோல்கர் குடும்பத்தின் மருமகளானார். மாமனார் மல்ஹர் ராவ் ஹோல்கர் ஆடு மேய்க்கும் குடியிற் பிறந்து, தம் வாள் வலியால் உயர்ந்து, பேஷ்வாவின் படைத் தலைவர்களுள் முன்வரிசையில் நின்றவர். மாளவ நாட்டின் பெரும்பகுதியை நிருவகித்தவர். அவருடைய ஒரே மகனான கண்டே ராவுக்கே அகல்யாபாய் மனைவியாக வாய்த்தார். மாலே ராவ் என்னும் மகனும் முக்தாபாய் என்னும் மகளும் இவர்களுக்குப் பிறந்தனர்.

1754-ஆம் ஆண்டில் பரத்பூருக்கு அண்மையிலுள்ள கும்ஹேர்க் கோட்டையை மராட்டியப் படைகள் முற்றுகையிட்டிருந்தன. அம்முற்றுகையில் கண்டே ராவ் குண்டடிபட்டு மாண்டார். அகல்யாபாய்க்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை. கணவனுடைய சிதையில் உடன் எரிவதே உயர்குடிப் பெண்ணிற்குப் பெருமை என்று அக்காலத்து உலகம் கருதியது. அவரும் அதற்கு ஆயத்தமானார். அவரைத் தடுத்தவர் மாமனார்தாம். மகனை இழந்த முதியவர், மருமகளையும் இழந்தால் தமக்கும் தம் குடும்பத்துக்கும் வேறு துணை இல்லை என்று மன்றாடியதாக மரபு கூறும். அவ்வேண்டுகோளுக்கு அம்மையார் இணங்கினார். உலகம் எதிர்பார்த்த புகழை விட்டு, வீட்டின் சுமையை ஏற்றார்.

மருமகளை உயிரோடு இருக்கச் சொன்ன மல்ஹர் ராவ், அதன் பின் அவரை வெறுமனே மூலையில் அமர்த்திவிடவில்லை. தாம் ஓயாது போர்க்களங்களில் இருக்க, வரவு செலவையும் வரி வசூலையும் படைக்கு வேண்டிய தளவாடங்களையும் அவரிடம் ஒப்படைத்தார். 1765-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கடிதமொன்று இன்றும் நமக்குக் கிடைக்கிறது. சம்பல் ஆற்றைக் கடந்து குவாலியருக்குச் செல்லுமாறும், அங்குச் சில நாள் தங்கிப் பெரிய பீரங்கிகளுக்கு வேண்டிய மருந்தும் குண்டும் இயன்ற அளவு சேர்க்குமாறும், வழிக்காவலுக்கு ஏற்பாடு செய்யுமாறும் அதில் அவர் பணிக்கிறார். கைம்பெண்ணான மருமகளுக்கு மாமனார் பீரங்கியைப் பற்றிக் கடிதம் எழுதுகிறார்! பிற்காலத்தில் முப்பதாண்டுக்குச் சற்றே குறைவாக ஒரு நாட்டை ஆண்ட திறமைக்கு வித்து எங்கே ஊன்றப்பட்டது என்பதை இக்கடிதம் காட்டுகிறது.

மறு ஆண்டிலேயே, 1766 மே மாதத்தில், மல்ஹர் ராவ் ஆலம்பூரில் காலமானார். பேரன் மாலே ராவ் பட்டத்துக்கு வந்தார். ஆனால் ஓராண்டு நிறைவதற்குள், 1767-ஆம் ஆண்டில், மனநோய்க்கு ஆளாகி அவரும் மாண்டார். கணவன், மாமன், மகன் என்னும் மூவரும் போய்விட்ட வீட்டில், நாற்பத்திரண்டாம் வயதில் அம்மையார் தனித்து நின்றார்.

இரண்டாம் சோதனை அப்போது வந்தது. அமைச்சர் கங்காதர் யசுவந்த் ஒரு யோசனை சொன்னார். குலத்தில் ஒரு சிறுவனைத் தத்து எடுத்துப் பட்டம் சூட்டுவது. அம்மையாருக்குத் தக்க மானியம் அளிப்பது. நிருவாகத்தை அமைச்சரே நடத்துவது. பேஷ்வாவின் சிற்றப்பா ரகுநாத ராவுக்குக் காணிக்கை தருவதாகச் சொல்லி அவருடைய ஆதரவையும் அமைச்சர் தேடிக்கொண்டார். கைம்பெண்ணும் மகனை இழந்தவருமான ஒருத்தி இதற்கு உடன்படுவாள் என்றே அனைவரும் எதிர்பார்த்தனர். அம்மையார் உடன்படவில்லை. ஆண்டவர் ஒருவருக்கு மருமகளும் மற்றொருவருக்குத் தாயும் ஆகிய தமக்கே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று விடை பகர்ந்தார். ரகுநாத ராவ் படையோடு வருவதாகச் செய்தி கிடைத்தபோது, பெண்ணொருத்தியோடு போரிட்டு வென்றால் அவருக்குப் பெருமை இல்லை, தோற்றாலோ இழிவு உண்டு என்னும் கருத்துப்படச் சொல்லியனுப்பினார். வாய்ச்சொல்லோடு நில்லாமல், தம் யானையின் அம்பாரியில் வில்லும் அம்பறாத்தூணிகளும் கட்டுவித்துப் போருக்கும் ஆயத்தமானார். மகாதஜி சிந்தியா முதலிய தலைவர்கள் அவரை எதிர்க்க மறுத்தனர். இளம் பேஷ்வா மாதவ ராவும் அவர் உரிமையை ஏற்றுச் சிற்றப்பாவை விலகச் சொன்னார். போர் நிகழாமலே வழக்கு முடிந்தது.

ஆட்சியைப் பெற்ற அம்மையார் எல்லாவற்றையும் தம் கையிலேயே வைத்துக்கொள்ளவில்லை. படையை நடத்தும் பொறுப்பைத் துக்கோஜி ஹோல்கரிடம் அளித்தார். துக்கோஜி அக்குலப் பெயரைத் தாங்கியவரேயன்றி நெருங்கிய உறவினர் அல்லர்; வயதிலும் மூத்தவர். ஆயினும் அவர் அம்மையாரைத் தாயே என்றுதான் அழைத்தார். ஒருவர் நருமதைக் கரையிலுள்ள மகேசுவரத்தில் அமர்ந்து நாட்டை ஆள, மற்றவர் தொலைவில் படை நடத்தினார். பணத்தைப் பற்றி இருவருக்கும் இடையே மனவேறுபாடுகள் எழாமல் இல்லை. எனினும் அம்மையார் வாழ்நாள் முழுவதும் இந்த ஏற்பாடு முறியவில்லை.

அவருடைய அன்றாட வாழ்வைப் பற்றிச் சர் ஜான் மால்கம் என்னும் ஆங்கிலேய அதிகாரி விரிவாக எழுதியிருக்கிறார். அம்மையார் மறைந்து இருபத்தைந்து ஆண்டு நிறையாத காலத்தில் மாளவத்துக்கு வந்து, அவரை நேரில் அறிந்தவர்களைக் கேட்டு எழுதியவர் அவர். நூல் 1823-இல் வெளிவந்தது. அதன்படி, அம்மையார் விடிவதற்கு ஒரு நாழிகைக்கும் மேலாக முன்பே எழுவார். பூசையும் புராணம் கேட்டலும் தானமும் முடிந்தபின் எளிய சைவ உணவு கொள்வார். பிற்பகல் இரண்டு மணியளவில் தர்பாருக்கு வந்து மாலை ஆறு மணிவரை வழக்குகளைக் கேட்பார். மீண்டும் பூசையும் சிற்றுணவும் முடித்து, இரவு ஒன்பது மணி தொடங்கிப் பதினொரு மணிவரை அரசாங்க அலுவல்களைப் பார்ப்பார்.

அத்தர்பாரில் நிகழ்ந்த ஒரு வழக்கு நம் பொருளுக்கு மிகவும் இயைந்தது. இந்தூரில் பணம் படைத்த வட்டிக்கடைக்காரர் ஒருவர் பிள்ளையின்றி இறந்தார். அங்குப் பாளையமிட்டிருந்த துக்கோஜி, அச்சொத்தில் அரசுக்கு ஒரு பங்கு வேண்டும் என்றார். அப்படிக் கேட்பது அக்காலத்து வழக்கந்தான். இறந்தவரின் மனைவி மகேசுவரத்துக்கு ஓடிவந்து முறையிட்டார். சொத்து முழுவதும் அவளுக்கே உரியது என்று அம்மையார் தீர்ப்பளித்து, புத்தாடை தந்து அனுப்பினார். தம் நகரைத் துன்புறுத்தாமல் அப்பால் செல்லுமாறு துக்கோஜிக்கும் ஓலை விடுத்தார். படைத் தலைவர் பணிந்தார். கைம்பெண்ணிடம் உலகம் எதை எதிர்பார்க்கும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அளித்த தீர்ப்பு அது.

அறச்செயல்களுக்கு அவர் பெரும்பாலும் செலவிட்டது குடும்பத்துக்கென்று தனியே ஒதுக்கிய 'காசகி' என்னும் சொந்தக் கருவூலத்தை. வடக்கே கேதாரநாதம், கிழக்கே பூரி, மேற்கே துவாரகை, தெற்கே நம் இராமேசுவரம் என நாற்றிசையிலும் அவ்வறங்கள் பரவின. தென்னாட்டுக் கோயில்கள் பலவற்றுக்குத் திருமஞ்சனத்துக்கெனக் கங்கை நீர் குறித்த காலத்தில் அனுப்பப்பட்டது. தம் ஆட்சி எல்லைக்கு அப்பாலும் தமக்குக் கடமை உண்டு என்று கருதியவர் அவர்.

மூன்றாம் சோதனை 1791-ஆம் ஆண்டில் வந்தது. அதுவே எல்லாவற்றினும் கொடியது. மகள் முக்தாபாயின் ஒரே மகன் முன்பே இறந்திருந்தான். இப்போது மருமகன் யசுவந்த ராவ் பான்சேயும் இறந்தார். முக்தாபாய் உடன்கட்டை ஏறத் துணிந்தார். ஒருகாலத்தில் மாமனார் தம்மிடம் மன்றாடியது போலவே, அம்மையார் இப்போது மகளிடம் மன்றாடினார். மகள் இசையவில்லை. தாய்க்கு வயதாகிவிட்டது, தாயும் போனபின் தனக்கு யார் உளர்? அன்று மானத்தோடு மாள இவ்வாய்ப்பும் இராது; இவ்வாறு அவர் விடையிறுத்தார். முதியவர் சிதையருகே நின்று அனைத்தையும் கண்டார். பின்னர் நருமதையில் நீராடி, மூன்று நாள் உண்ணாமலும் பேசாமலும் கிடந்தார் என மால்கம் எழுதுகிறார்.

இந்த இடத்தில் வரலாறு நமக்கு எளிய ஆறுதல் எதனையும் தருவதில்லை. வட்டிக்கடைக்காரர் மனைவியைக் காத்த அரசியாரால் சொந்த மகளைக் காக்க இயலவில்லை. சட்டமும் சேனையும் கையில் இருந்தும், காலங்காலமாக ஊறிய ஓர் எதிர்பார்ப்பு அவற்றினும் வலிதாக நின்றது. மாமனாரின் மன்றாட்டு மருமகள் நெஞ்சைத் தொட்டது. தாயின் மன்றாட்டு மகள் நெஞ்சை மாற்றவில்லை. ஏன் என்று கேட்டால், முன்னவர்க்கு வளர்க்க வேண்டிய இரு குழந்தைகளும் செய்ய வேண்டிய பணியும் எதிரே இருந்தன. பின்னவர்க்கு எதுவுமே எஞ்சவில்லை என்பதே நமக்குத் தோன்றும் விடை. மூன்று நாள் கழித்து அம்மையார் எழுந்தார். மகளுக்கும் மருமகனுக்கும் ஒரு நினைவு மண்டபம் எழுப்பினார். மேலும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நாட்டை ஆண்டு, 1795 ஆகஸ்டு 13-ஆம் நாள் தம் எழுபத்தோராம் வயதில் காலமானார்.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இவ்வரலாறு வெறும் பழங்கதை ஆகாது. தந்தையார் மறைந்தார் என்று ஊரிலிருந்து செய்தி வந்த அன்றே, இளைய மகனாய் இருந்தவன் குடும்பத் தலைவனாகிறான். கணவனை இழந்த நாளிலேயே, மொழி தெரியாத ஊரில், அடுக்களையை விட்டு வெளியே வந்து பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பு ஒரு பெண்ணின்மீது விழுகிறது. அத்தகைய நாள் முன்னறிவித்து வருவதில்லை. வந்தபின் கற்றுக்கொள்ளலாம் என்றால் காலமும் இடங்கொடாது. ஆகவே, வீட்டுக் கணக்கையும் பத்திரங்கள் இருக்கும் இடத்தையும் வங்கிக்குச் செல்லும் வழியையும் மனைவியும் மருமகளும் இன்றே அறிந்திருக்கிறார்களா என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்வது நன்று. போர்க்களத்திலிருந்து பீரங்கிகளைப் பற்றி மருமகளுக்குக் கடிதம் எழுதிய மல்ஹர் ராவ், தாம் அடுத்த ஆண்டே மறையப் போவதை அறிந்து எழுதவில்லை. ஆயினும் எழுதினார்.