வாகன ஸ்கேனர்: வரலாறும், வாங்கலாமா என்ற கேள்வியும்

வாகன ஸ்கேனர் என்பது வண்டியின் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியோடு தொடர்பு கொண்டு, அது பதிந்து வைத்திருக்கும் கோளாறுகளைப் படித்துச் சொல்லும் கருவி. இதில் கருவி பாதி, அதை இயக்கும் மென்பொருள் பாதி. மெக்கானிக் ஷெட்டுகளில் 'ஸ்கேன் போட்டுப் பார்' என்று சொல்வது இதைத்தான். கும்பகோணம் போன்ற ஊரில் சொந்த வண்டியைத் தானே பிரித்து மாட்டுகிறவர்களுக்கும், தெருமுனையில் சிறு ஷெட் வைத்திருப்பவர்களுக்கும், பணம் கொடுத்து இந்த மென்பொருளை வாங்கலாமா என்ற கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. வண்டியின் கணினி யாரிடம் எவ்வளவு பேசலாம் என்பதில் சட்டத்துக்கும் தயாரிப்பு நிறுவனங்களுக்கும் இடையே அரை நூற்றாண்டாக இழுபறி நடக்கிறது. அதன் வரலாறு தெரிந்தால் விடை காண்பது எளிது.

கண்ணும் காதும்

தமிழகத்தில் பொழுதுபோக்கு மெக்கானிக் என்றதும் நினைவுக்கு வருபவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974). ஆங்கிலேயர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அதை வாங்கி, பிரித்துப் போட்டுத்தான் அவர் இயந்திரம் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தில் அவர் தொடங்கிய தொழில் பின்னர் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அவர் காலத்து வண்டியில் பிரித்துப் பார்த்தால் புரியாத பாகம் ஒன்றுகூட இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

காவிரிப் படுகையில் இந்தத் தொழிலறிவு பேருந்துகளோடு வளர்ந்தது. கும்பகோணத்தின் ராமன் அண்டு ராமன் நிறுவனம் இப்பகுதியின் பெரிய பேருந்து நிறுவனங்களில் ஒன்று. 1950களில் அதன் வழித்தட உரிம வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றதால் அப்பெயர் சட்ட நூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. 1972இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் உருவானது. இன்றைய தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம் அதன் தொடர்ச்சி.

அந்தத் தலைமுறையின் கோளாறறியும் முறைகள் எளியவை, ஆனால் நுட்பமானவை. பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்புப் புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. நீண்ட திருப்புளியின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டு எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்வார்கள். பையனாகச் சேர்ந்து பத்து வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தால் இந்த அறிவு வந்துவிடும். யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

விளக்கு பேசத் தொடங்கியது

1960களின் இறுதியில் வோக்ஸ்வேகன் நிறுவனம் சில கார்களில் மின்னணு முறையில் பெட்ரோல் தெளிப்பதைக் கொண்டுவந்தது. 1970களின் தொடக்கத்தில் அதன் பீட்டில் கார்களில், பணிமனையில் உள்ள சோதனைக் கணினியோடு இணைக்க ஒரு சாக்கெட்டும் வந்தது. பிறகு 1980களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், சாக்கெட்டின் இரண்டு முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் டாஷ்போர்டில் உள்ள விளக்கு கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. கையேட்டைப் பார்த்து அதன் பொருளைத் தெரிந்துகொள்ளலாம். இதற்கு மென்பொருளும் தேவையில்லை, செலவும் இல்லை. பொழுதுபோக்கு மெக்கானிக்குக் கணினியுள்ள வண்டி மிக நெருக்கமாக இருந்த காலம் அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதை எல்லா வண்டிக்கும் பொதுவாக்கியது காற்று மாசு. லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் புகைமூட்டத்தோடு போராடிவந்த கலிபோர்னியா மாநிலம், 1988ஆம் ஆண்டு மாடல் முதல், வண்டி தன் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைத் தானே கண்காணித்து ஓட்டுநருக்கு விளக்கு காட்ட வேண்டும் என்று விதித்தது. இதற்கு 'ஆன் போர்டு டயக்னாஸ்டிக்ஸ்', சுருக்கமாக ஓபிடி, என்று பெயர். அதன் இரண்டாம் வடிவம் 1996 முதல் அமெரிக்கா முழுவதும் கட்டாயமாயிற்று. 16 முனைகள் கொண்ட ஒரே வகைச் சாக்கெட், ஸ்டீயரிங்குக்கு அருகே கைக்கு எட்டும் இடம், எல்லா நிறுவனத்துக்கும் ஒரே கோளாறு எண்கள் ஆகியவற்றை அது வரையறுத்தது. ஐரோப்பாவில் 2001இல் பெட்ரோல் கார்களுக்கு இதே போன்ற விதி வந்தது.

சட்டம் திறந்துவிட்டது புகை தொடர்பான தகவல்களை மட்டுமே. பிரேக்கின் ஏபிஎஸ், ஏர்பேக், புதுச் சாவியைப் பதிவது, மாற்றிய பாகத்தைக் கணினிக்கு அறிமுகப்படுத்துவது ஆகியவை நிறுவனங்களின் சொந்த மொழியிலேயே இருந்தன. இன்று சில நூறு ரூபாய்க் கருவிக்கும் லட்ச ரூபாய்க் கருவிக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில், குறிப்பாகச் சிறு ஊர்களில்

இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் வந்த புகை விதிகளை ஒட்டி கார்களில் கார்புரேட்டர் மறையத் தொடங்கியது. ஓபிடி கட்டாயமானது பாரத் நான்காம் நிலை விதிகளோடுதான். அதன் முதல் வடிவம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் வடிவம் 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. ஆனால் 2010இல் நான்காம் நிலை விதி பொருந்தியது 13 நகரங்களுக்கு மட்டும். தமிழகத்தில் அந்தப் பட்டியலில் இருந்தது சென்னை. நாடு முழுவதற்கும் அது விரிந்தது 2017 ஏப்ரலில்.

இதன் விளைவைக் கும்பகோணத்தில் பழைய கார் வைத்திருப்பவர் உணர்ந்திருப்பார். 2012இல் சென்னையில் விற்ற காருக்குச் சட்டப்படி ஓபிடி வேண்டும், அதே ஆண்டு மூன்றாம் நிலை விதியின்கீழ் வேறு ஊரில் பதிவான காருக்கு வேண்டாம். சில நிறுவனங்கள் எல்லா ஊருக்கும் ஒரே வண்டியை அனுப்பின, சில அனுப்பவில்லை. ஆகவே 2017க்கு முந்தைய காரில் 16 முனைச் சாக்கெட் இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிட முடியாது. சாக்கெட் இருக்கும், பொது மொழியில் கேட்டால் பதில் வராது. ஆப் 'இணைக்க முடியவில்லை' என்று சொல்லும்போது கருவி கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதனால்தான்.

2020 ஏப்ரலில் பாரத் ஆறாம் நிலை வந்தது. ஐந்தாம் நிலை தவிர்க்கப்பட்டது. பைக்கும் ஸ்கூட்டரும் கார்புரேட்டரை விட்டு எஃப்.ஐ. முறைக்கு மாறின. சைக்கிள் கடைக்கு அடுத்தபடி எங்கும் இருக்கிற டூவீலர் மெக்கானிக்கின் தொழில் ஒரே ஆண்டில் மாறியது என்றால் மிகையில்லை. 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் கண்காணிப்பை இன்னும் இறுக்கியது. பல பைக்குகளில் காருக்குரிய சாக்கெட் கிடையாது. சிறிய சாக்கெட்டுக்குத் தனி இணைப்பு வயர் வாங்க வேண்டும்.

நெல் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஷெட்டுக்கு வேறொரு கணக்கு உண்டு. டிராக்டர்களில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றுக்கு மட்டுமே 2023 ஜனவரியில் புதிய புகை விதி வந்தது. நாட்டில் விற்பவற்றில் பெரும்பாலானவை அதற்குக் கீழே உள்ளவை. அவற்றில் பலவற்றில் டீசல் பம்ப் இன்னும் இயந்திர முறையிலேயே இயங்குகிறது. குறுவை நடவு நேரத்தில் நின்றுபோன அத்தகைய டிராக்டருக்கு ஸ்கேனரால் ஒரு பயனும் இல்லை. டீசல் ஃபில்டரையும், லைனில் காற்று பிடித்திருக்கிறதா என்பதையும்தான் பார்க்க வேண்டும்.

பூட்டும் வழக்கும்

2011இல் ஒரு நுகர்வோர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். ஹோண்டா, வோக்ஸ்வேகன், ஃபியட் நிறுவனங்கள் உதிரிபாகங்களையும் கோளாறறியும் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் தடுக்கின்றன, அதனால் வெளி மெக்கானிக்குகளால் வேலை செய்ய முடிவதில்லை என்பது புகார். விசாரணை பிற கார் நிறுவனங்களுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்டு 25 அன்று ஆணையம் 14 நிறுவனங்கள் மீது சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. கார் நிறுவனங்களின் பக்கமும் ஒரு வாதம் இருந்தது: பயிற்சியில்லாத கைகளில் வண்டி பாதுகாப்பற்றதாகும், எழுதிய மென்பொருள் தங்கள் அறிவுச் சொத்து. ஆணையம் இதை ஏற்கவில்லை. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது.

இதே கேள்விக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் சட்டம் இயற்றிப் பதில் சொன்னது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காகக் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. வாகனங்களும் பண்ணைக் கருவிகளும் அதன் நான்கு துறைகளில் இரண்டு. மறுபக்கம், புதிய கார்கள் சிலவற்றில் சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு மின்னணு வாயிற்காவலனை வைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. படிக்க விடுவார்கள், எழுதுவதற்கு நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 2014 ஆணையின் எழுத்து ஒன்றாகவும் சந்தையின் போக்கு வேறாகவும் இருக்கும் நிலையில், பணம் போடுகிறவர் தன் வண்டிக்கு இன்று எது திறந்திருக்கிறது என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

எதை வாங்குவது

சந்தையில் கிடைப்பவை மூன்று தட்டுகளில் இருக்கின்றன. அடித்தட்டில் இருப்பது, ப்ளூடூத் வழியாகக் கைபேசியோடு இணையும் சிறு கருவியும் 'டார்க்' போன்ற ஆப்பும். நடுவில், ஒரு நிறுவனக் குடும்பத்துக்கு மட்டும் ஆழமாகப் போகும் மென்பொருள்கள்: வோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி கார்களுக்கு 'விசிடிஎஸ்', ஃபோர்டு, மாஸ்டா கார்களுக்கு 'ஃபோர்ஸ்கேன்'. மேலே, பல நிறுவன வண்டிகளைப் பார்க்கும் தொழில்முறைக் கருவிகள். இவற்றுக்குப் பெரும்பாலும் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணமும் கட்ட வேண்டும்.

அடித்தட்டுக் கருவிகளுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் வடிவமைத்த 'இஎல்எம்327' என்ற சிப்தான் அவற்றின் மூலம். அதன் முதல் பதிப்பில் உள்ள நிரலுக்குப் பாதுகாப்பு வைக்கப்படவில்லை. அது நகலெடுக்கப்பட்டு உலகம் முழுக்கப் போலிகள் பரவின. 'பதிப்பு 1.5' என்று அச்சிட்டு விற்கும் கருவிகளைப் பார்க்கலாம். எல்ம் நிறுவனம் அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. அந்த நிறுவனம் 2022இல் மூடப்பட்டது. போலி என்றாலும் சில நன்றாகவே வேலை செய்கின்றன, சில பாதிக் கட்டளைகளுக்குப் பதில் தருவதில்லை. பன்னிரண்டு வோல்ட் கார்களுக்கானவை என்பதால் 24 வோல்ட் லாரி, பேருந்துகளில் இவற்றைச் சொருகக் கூடாது.

ஸ்கேனர் காட்டும் எண் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. 'பி0113' வந்தால், உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சுற்றில் மின்னழுத்தம் அதிகம் என்று பொருள். சென்சார் கெட்டிருக்கலாம். ஆனால் வயர் அறுந்தாலும் இதே எண்தான் வரும். அறுவடை முடிந்து வயல் காலியாகும்போது எலிகள் வீட்டுப் பக்கம் வருவது டெல்டாவில் எல்லாருக்கும் தெரியும். பானெட்டைத் திறந்து வயரைத் தடவிப் பார்த்தவருக்கு ஒரு சுருள் டேப்பின் செலவில் முடியும் வேலை, எண்ணை மட்டும் பார்த்தவருக்குப் புதுச் சென்சாரின் விலையில் முடியும். 'பி0171' இன்னும் ஏமாற்றக்கூடியது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதே அதன் செய்தி. ரப்பர் குழாயில் வெடிப்பு, பலவீனமான பெட்ரோல் பம்ப், அழுக்கான காற்றுச் சென்சார் என்று காரணங்கள் பல. பலர் முதலில் மாற்றுவது எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜன் சென்சாரை. பாவம், அது உண்மையைச் சொன்ன சாட்சி.

எனவே ஒரு கார் மட்டும் வைத்திருப்பவர் மென்பொருளுக்கு முன்பு மல்டிமீட்டர் ஒன்றை வாங்குவது நல்லது. அதற்கு அடுத்தது, நண்பரிடம் கருவியை இரவல் வாங்கித் தன் வண்டி பதில் சொல்கிறதா என்று பார்ப்பது. பதில் வந்தால் அடித்தட்டுக் கருவியும் சிறு விலை ஆப்பும் ஆண்டுகளுக்குப் போதும். வீட்டில், உறவில், தெருவில் ஒரே நிறுவனத்தின் வண்டிகள் மூன்று நான்கு இருந்தால் நடுத்தட்டு மென்பொருளுக்குப் பொருள் உண்டு. மேல்தட்டுக் கருவி, வாரத்துக்குப் பல வண்டி பார்த்துக் கட்டணம் வாங்குகிறவருக்கு மட்டுமே முதலைத் திருப்பித் தரும். சிறு ஷெட்காரர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்வது இவர்களுக்கு நடைமுறையான வழி.

பூட்டுடைத்த மென்பொருள் மலிவாகக் கிடைக்கும். அதில் கோளாறைப் படிப்பதற்கும் கணினியில் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. படிப்பது தவறினால் திரையில் குப்பை வரும், அவ்வளவுதான். எழுதும்போது நடுவில் நின்றாலோ, பேட்டரி இறங்கினாலோ இன்ஜினின் கணினி செயலிழந்து, வண்டி டோ வேனில் போக வேண்டியிருக்கும்.

பழைய கார் பார்க்கப் போகும்போது அடித்தட்டுக் கருவி தன் விலையை ஒரே நாளில் ஈட்டித் தரும். விற்கிறவர் முதல் நாள் கோளாறு எண்ணை அழித்துவிட்டு விளக்கு எரியாத காரைக் காட்டலாம். எண்ணை அழித்தால், வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததற்கான பதிவுகளும் அழிந்துவிடும். ஆப்பில் அந்தச் சோதனைகள் பலவும் 'முடியவில்லை' என்று காட்டினால், அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். முன்பணம் கொடுக்காமல், காரைச் சில நாள் ஓட்டவிட்டு மறுபடியும் கருவியைச் சொருகிப் பார்க்க வேண்டும்.