பழைய விதையில் கிடைத்த ருசி

பிரிட்டனில் கிறிஸ்துமஸ் விருந்து என்றால் வான்கோழிக்குப் பக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் இருந்தாக வேண்டும். பிள்ளைகள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பதும் அதைத்தான். நெல்லிக்காய் அளவில் குட்டிக்கோஸ். இவ்வளவு வசவு வாங்க அது என்ன பாவம் செய்தது?

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எல்லாமே இதற்கு உடன்பிறப்புகள். தாவரவியலில் ஒரே இனம். முட்டைக்கோஸில் உச்சி மொட்டு பெருத்துத் திரளும். இதில் தண்டு இடுப்புயரம் வளர்ந்து, ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் ஒரு மொட்டு உருண்டு நிற்கும். அடியில் இருப்பது முதலில் முற்றும், மேலே போகப் போகப் பிஞ்சு. அதனால் ஒரே செடியில் கீழிருந்து மேலாகப் பல முறை கையால் ஒடித்துப் பறித்தார்கள். குளிர்தான் இதற்கு உயிர். உறைபனி பட்டால் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சர்க்கரையைச் சேர்க்கும். பனி விழுந்தபின் பறித்தது இனிக்கும் என்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சொல்வது வெறும் நம்பிக்கை அல்ல.

ஒரு காலத்தில் இதை விளைவித்த, பிரஸ்ஸல்ஸை ஒட்டிய சான் ஜில் பகுதிக்காரர்களுக்கு 'கோஸ் வெட்டிகள்' என்று இன்றும் பட்டப்பெயர் உண்டு. தோட்டங்கள்தான் இல்லை, நகரம் விழுங்கிவிட்டது. 1812-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் தன் மான்டிசெல்லோ தோட்டத்தில் இதை விதைத்தார். 1920-களில் கலிஃபோர்னியாவின் மூடுபனிக் கடற்கரையில் வேர்விட்டது.

பிறகு இயந்திரம் வந்தது. தண்டை ஒரே வெட்டாக வெட்டி மொட்டுகளை உருவியெடுக்க வேண்டுமானால் எல்லாம் ஒன்றாக முற்ற வேண்டும். அதற்காக உச்சிக்குருத்தைக் கிள்ளினார்கள். ஒரே அளவில், நிறைய விளையும் ரகங்களைத் தேடித் தேடி விதைத்தார்கள். நாக்கைக் கேட்க மறந்துவிட்டார்கள். போதாததற்கு, குழையக் குழைய வேகவைத்துக் கந்தக நாற்றத்தையும் கிளப்பியது சமையலறை.

1990-களில் ஹான்ஸ் வான் டோர்ன் என்ற டச்சு விஞ்ஞானி, கசப்புக்குக் காரணம் சினிக்ரின், ப்ரோகோய்ட்ரின் என்ற இரண்டு பொருள்கள் என்று கண்டுபிடித்தார். சினிக்ரின் நமக்கு அந்நியமல்ல. அரைத்த கடுகு மூக்கில் ஏறுகிறதே, அந்தக் காரத்தின் மூலமும் அதுதான். பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம். விதை நிறுவனங்கள் கிடங்குகளில் கிடந்த பழைய ரகங்களை எடுத்து விதைத்து, வாயில் போட்டுப் பார்த்து, கசப்புக் குறைந்தவற்றை அதிகம் விளையும் புது ரகங்களோடு ஒட்டுச் சேர்த்தன. இன்று மேல்நாட்டு உணவகங்களில் இதை விரும்பிக் கேட்டு வாங்குகிறார்கள் என்றால், முதல் நன்றி சமையல்காரருக்கு அல்ல, அந்தப் பழைய விதைகளைத் தூக்கியெறியாமல் வைத்திருந்தவர்களுக்கு.

ஆனாலும் எல்லா நாக்குக்கும் ஒரே ருசி கிடையாது. மரபணுவிலேயே கசப்பைக் கூர்மையாக உணர்பவர்கள் உண்டு. அவர்களை வற்புறுத்துவதில் பயனில்லை.

நீலகிரியிலும் இது விளைகிறது. கண்ணில் பட்டால் சிறியதாக, இறுக்கமாக, பச்சை மாறாததாகப் பார்த்து வாங்குங்கள். பாதியாக நறுக்கி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டுச் சிவக்க வறுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைக்க மட்டும் வேண்டாம்.