15,000 ரூபாயும் ஒரு பர்மனென்ட் வேலையும்

வெளியூர்க்காரர்களுக்கு வடலூர் என்றால் வள்ளலார், தைப்பூசம், அணையா அடுப்பு. இங்கே கல்லூரியில் படிக்கும் பிள்ளையை வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு அது நெய்வேலிக்குப் பக்கத்து ஊர். ரெண்டும் உண்மைதான். ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் ரெண்டாவது உண்மைக்குத்தான் மதிப்பு அதிகம். "பையன் என்ன பண்றான்?" என்று யாராவது கேட்பார்கள். "என்எல்சில இருக்கான்" என்றால் அடுத்த கேள்வி உடனே வரும்: "பர்மனென்டா, கான்ட்ராக்டா?"

"சொந்தமா ஒரு கம்பெனி ஆரம்பிச்சிருக்கான்" என்று பதில் சொல்லிப் பாருங்கள். ஒரு சின்ன அமைதிக்குப் பிறகு, "சரி, வேலைக்கு எப்ப போறான்?" என்பார்கள்.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் மாணவர்களிடம் போய் "ஸ்டார்ட்அப் ஆரம்பியுங்கள்" என்று மைக் பிடிப்பதில் அர்த்தமில்லை.

1930களின் நடுவில் நெய்வேலிப் பக்கம் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ சேர்ந்து வந்தது. நம்மில் பெரும்பாலோர் கிணற்றை மூடிவிட்டு வேறு இடம் பார்த்திருப்போம். அவர் அதை அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பிறகு வருடக்கணக்காக ஆய்வுகள் நடந்தன. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நின்ற நீரை இரவு பகலாக இறைத்துத்தான் கீழே போக முடிந்தது. 1961 ஆகஸ்டில் கரி வெளியே தெரிந்தது. 1962-ல் மின்சாரம் வந்தது.

இவ்வளவு பெரிய வேலையை அன்று எந்தத் தனி ஆளாலும் செய்திருக்க முடியாது. அரசு செய்தது. அதற்காக ஊர்கள் இடம்பெயர்ந்தன, விளைநிலங்கள் போயின. நிலம் கொடுத்தவர்கள் அன்றிலிருந்து இன்றுவரை கேட்பது முக்கியமாக ரெண்டே விஷயம்: நியாயமான இழப்பீடு, வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வரும் நேரத்து நெல்வயலுக்குள் மண்வெட்டி எந்திரங்கள் இறங்கி, ஊர் கொந்தளித்தபோதும் இந்தக் கோரிக்கைதான் முன்னால் நின்றது. ஆகவே இந்தப் பக்கத்தில் "பர்மனென்ட்" என்பது சோம்பேறித்தனத்தின் பெயர் இல்லை. போன நிலத்துக்கு ஈடாக வந்த, அல்லது வரவேண்டிய சொத்து அது. அதை விட்டுவிட்டு ரிஸ்க் எடு என்று ஒரு பையனிடம் சொல்லும்போது, குடும்பத்தின் கடைசி ஏக்கரைச் சூதாடச் சொல்வதாகத்தான் அவன் அப்பா காதில் விழும்.

இதே கடலூர் மாவட்டத்துக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. வடலூரிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் கடலூர். அங்கே சின்னிகிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். மருந்துப் பொருள், முகப்பவுடர் மாதிரியானவற்றைத் தயாரித்து விற்றவர். அவர் மனதை ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. பவுடர் ஏன் பெரிய டப்பாவில் மட்டும் வரவேண்டும்? அன்றாடக் கூலி வாங்குபவர் அன்றாடச் செலவுதான் செய்ய முடியும். மாதம் முழுவதுக்குமான பாட்டிலை அவர் எப்படி வாங்குவார்? எனவே பொருளைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போட்டால் என்ன என்று யோசித்தார். 1970களில் திரவத்தையும் பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடைத்து விற்கும் முயற்சியில் இறங்கினார்.

நம்மூரில் இன்று இந்த யோசனை பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறது. ஆனால் அவர் காலத்தில் அது பெரிதாகப் போணியாகவில்லை. கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு விற்கும் கலை கைகூடவில்லை. சீக்கிரமே இறந்தும்போனார். பிறகு அவருடைய மகன்கள் 'வெல்வெட்' ஷாம்பு பாக்கெட்டைக் கொண்டுவந்தார்கள். அது ஓடியது.

சகோதரர்களில் சி.கே.ரங்கநாதன் அந்த வியாபாரத்திலிருந்து கருத்து வேறுபாட்டால் விலகினார். 1983-ல் கையில் இருந்த 15,000 ரூபாயோடு 'சிக் இந்தியா'வை ஆரம்பித்தார். 'சிக்' என்பது அப்பா பெயரின் சுருக்கம். அந்தப் பணத்தை எப்படிச் செலவழித்தார் என்று பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார்: தங்க மாதம் 250 ரூபாய் வாடகை, தொழிற்கூடத்துக்கு 300, பாக்கெட் போடும் எந்திரத்துக்கு 3,500.

என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆட்கள் 'ரன்வே' என்று ஒரு கணக்குப் போடுவோம். கையில் இருக்கும் காசு எத்தனை மாதம் தாங்கும் என்பதுதான் அது. இங்கே எந்திரம் போக மிச்சம் 11,500. ரெண்டு வாடகையும் சேர்ந்து மாதம் 550. அதாவது வாடகை மட்டும் என்றால் சுமார் 20 மாதம். முன்பணம், கச்சாப் பொருள், பஸ் செலவு எல்லாம் சேர்த்தால் அதில் பாதிகூட வராது. அவ்வளவுதான் அவகாசம். வங்கி உடனே கதவைத் திறக்கவும் இல்லை. முதல் கடன், 25,000 ரூபாய், கிடைக்க மூன்று வருடம் ஆனது. அடமானம் வைக்க எதுவும் இல்லாதவருக்கு அது கிடைத்ததற்கு அவர் சொல்லும் காரணம்: அவ்வளவு சின்ன கம்பெனியாக இருந்தும் ஒழுங்காக வருமான வரி கட்டியிருந்தது.

பிறகு விற்பனை. ஊர் ஊராகப் போய்ப் பையன்களின் தலையில் ஷாம்பு தேய்த்துக் காட்டினார்கள். "தொட்டுப் பாருங்க" என்றார்கள். சீயக்காயும் அரப்பும் மட்டுமே தெரிந்த வீடுகளுக்கு அதுதான் முதல் அறிமுகம். எந்த கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அதையே சத்தமில்லாமல் "ஐந்து காலி சிக் பாக்கெட்" என்று மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது என்கிறார் ரங்கநாதன். அந்தக் கம்பெனிதான் 1998-ல் 'கெவின்கேர்' என்று பெயர் மாறியது.

மோட்டிவேஷன் மேடைகளில் கதை இங்கே முடியும், கைதட்டல் விழும். அந்த மேடைகள் விட்டுவிடும் மூன்று விஷயங்கள் உண்டு.

ஒன்று, 15,000 ரூபாய் மட்டும் அவருடைய முதலீடு இல்லை. ஷாம்பு எப்படிச் செய்வது, எந்திரம் எங்கே கிடைக்கும், கடைக்காரர் என்ன கேட்பார் என்று வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர். பணத்தை எண்ண முடிகிறது, அந்த அறிவை எண்ண முடிவதில்லை. ரெண்டு, அதே காலத்தில் பாக்கெட் போட்டுத் தோற்றவர்களை யாரும் பேட்டி எடுக்கவில்லை. மூன்று, அந்தப் பாக்கெட்டுகள் இன்று நம் வாய்க்கால்களில் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. பல அடுக்குப் பிளாஸ்டிக் என்பதால் மறுசுழற்சிக்கும் எளிதில் போகாது. ஏழைக்கும் எட்டும் விலைக்கு ஊர் கொடுத்த விலை அது.

இவ்வளவும் தெரிந்த பிறகும், நெய்வேலி பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும் ஒரு தம்பியிடமோ தங்கையிடமோ சொந்தத் தொழிலைப் பற்றி யோசிக்கச் சொல்வேன். காரணம் இதுதான்: ஜம்புலிங்க முதலியார் கதையும் சின்னிகிருஷ்ணன் கதையும் எதிரெதிர் கட்சிகள் இல்லை. நெய்வேலியின் நிரந்தரச் சம்பளம் ஒரு தலைமுறைக்கு வீடு, படிப்பு, மருத்துவம் எல்லாம் கொடுத்தது. ரங்கநாதனுக்கு அப்பாவின் தொழிலறிவு எப்படியோ, அப்படித்தான் உங்களுக்கு அப்பாவின் பர்மனென்ட் வேலை. ரெண்டு வருடம் சம்பாதிக்காவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்றால், அது பல லட்சம் பெறும் முதலீடு. அந்த வசதியைப் பிள்ளைக்கும் அதே வேலை வாங்குவதற்கு மட்டுமே செலவழிப்பது எனக்கு நஷ்டக் கணக்காகப் படுகிறது. எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்க அங்கே அத்தனை வேலையும் இல்லை.

அப்பா கான்ட்ராக்ட் தொழிலாளி என்றால், கல்விக் கடனும் தலைமேல் இருக்கிறதென்றால், கணக்கு வேறு. அவர்களிடம் "பயப்படாதே, குதி" என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேலைக்குப் போங்கள். நீங்கள் பார்க்க நினைக்கும் தொழிலிலேயே வேலைக்குப் போங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. கடைக்காரர் என்ன கேட்பார் என்பதை வேறொருவர் காசில் கற்றுக்கொள்ளலாம். படித்து முடித்துத் தொழில் தொடங்குபவர்களுக்கு மானியத்தோடு கடன் தரும் 'நீட்ஸ்' என்ற திட்டம் தமிழக அரசிடம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேட்க வேண்டும். அங்கேயும் வங்கியிலேயும் முதலில் கேட்கப்படுவது உங்கள் கனவை இல்லை, உங்கள் கணக்கு நோட்டை.

எதை ஆரம்பிப்பது என்ற கேள்விக்கு ஆப் ஸ்டோரில் விடை தேட வேண்டாம். பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் இருக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் இருக்கிறது. நெய்வேலியில் சாம்பல் மலையாகக் கிடக்கிறது. கால்வாயில் பாக்கெட் மிதக்கிறது. சின்னிகிருஷ்ணன் கேட்ட கேள்வியை இவற்றில் ஏதாவது ஒன்றிடம் கேட்டுப் பாருங்கள்: இது யாருக்கு எட்டாமல் இருக்கிறது, ஏன்? விடை கிடைக்க ஒரு செமஸ்டர் லீவு போதாமல் போகலாம். ஆனால் கேட்க ஆரம்பிக்க லீவு போதும். அதற்கு வீட்டில் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதுமில்லை.